ஆமைப்பூட்டும் நான்கு ஆணிகளும்

ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில் இருபது காம்பரா என்று வைத்துக்கொள்வோம். இருபது கதவிலும் தொங்குவது டவுனில் ஒரே கடையில் வாங்கிய, ஒரே வகைச் சின்ன ஆமைப்பூட்டு. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் மடியைத் தடவிப் பார்க்கிறார், சாவி இல்லை. "எங்க சாவியப் போட்டுப் பாருங்கக்கா" என்று அடுத்த காம்பராப் பிள்ளை நீட்டுகிறாள். பூட்டு திறந்துகொள்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதைப் பார்த்து அசருவதில்லை. மலிவுப் பூட்டு அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போய்விடுவார்கள். ஆனால் இதற்குள் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது.

பூட்டின் வயிற்றைத் திறந்து பார்ப்போம். சாவி நுழையும் இடத்தில் சுழலக்கூடிய ஓர் உருளை இருக்கிறது. அதைச் சுற்றிச் சுழலாத கூடு. கூட்டிலிருந்து உருளைக்குள் இறங்குகிறபடி வரிசையாகச் சில துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு சிறு பித்தளை ஊசிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே அவற்றை அழுத்திப் பிடிக்க ஒரு சுருள்வில். சாவி இல்லாதபோது மேல் ஊசி பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று உருளையைச் சுழலவிடாமல் தடுக்கிறது. சாவியின் பற்கள் கீழ் ஊசிகளை உயர்த்துகின்றன. இரண்டு ஊசிகளும் சந்திக்கும் இடம், உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டுக்கு மிகச்சரியாக வந்து நிற்க வேண்டும். எல்லாத் துளைகளிலும் ஒரே நேரத்தில் அப்படி நின்றால்தான் உருளை திரும்பும். ஒரு துளையில் உயரம் தப்பினாலும் சாவி அசையாது.

நல்ல பூட்டில் ஐந்து ஊசி வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரம் சாத்தியம் என்றால் ஆறை ஐந்து தடவை பெருக்க வேண்டும். 7776 வேறுபட்ட சாவிகள் வரும். மலிவுப் பூட்டில் நான்கு வரிசை, நான்கு உயரம் என்று கொண்டால் வெறும் 256. இப்போது நம் லயத்துக்கு வருவோம். "என் சாவியும் குறிப்பிட்ட இன்னொருவர் சாவியும் ஒன்றாக இருக்குமா?" என்று கேட்டால் வாய்ப்பு 256-ல் ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் "இருபது வீட்டில் ஏதாவது இரண்டு வீட்டுச் சாவி ஒன்றாக இருக்குமா?" என்று கேட்டால் கதை மாறுகிறது. இருபது வீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 190 சோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு சோடியும் ஒரு வாய்ப்பு. கணக்குப் போட்டால் விடை 53 வீதம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடச் சற்றுக் கூடுதலான வாய்ப்பு! அதே லயத்தில் எல்லாரும் 7776 வகைப் பூட்டைப் போட்டிருந்தால் இது இரண்டரை வீதத்துக்குள் இறங்கிவிடும். மலிவுப் பூட்டில் துளைகளும் தாராளம், ஊசிகளும் தளர்வு என்பதால், கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியும் திறந்துவிடும். ஆகவே உண்மை நிலைமை 53-ஐவிட மோசமாகவே இருக்கும்.

அந்தத் தளர்வுதான் பூட்டுத் திருடனின் முதலீடும். எந்தத் தொழிற்சாலையும் ஐந்து துளைகளை மயிரிழை பிசகாத நேர்கோட்டில் துளைத்துவிட முடியாது. உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லா ஊசிகளும் ஒருசேர இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தள்ளினால் அது அங்கேயே தங்கிவிடும், பிறகு அடுத்தது. 7776 என்பது பெருக்கல் கணக்கு. ஒவ்வொன்றாகத் தீர்க்க முடிந்தால் அது கூட்டல் கணக்காகி, ஐந்து ஊசிக்கு ஆறு உயரம் வீதம் முப்பது முயற்சியாகச் சுருங்கிவிடுகிறது. பூட்டுகளின் வரலாறு முழுவதும் இந்தப் பெருக்கலைக் கூட்டலாக்க ஒரு தரப்பும், அதைத் தடுக்க மறு தரப்பும் மல்லுக்கட்டிய கதைதான்.

மல்லுக்கட்டின் உச்சம் 1851-ல் இலண்டனில் நடந்தது. அப்போது நம் மலைநாட்டில் கோப்பிக் காலம். தேயிலை இன்னும் தோட்டப் பயிராக வரவில்லை. இலண்டன் பிக்காடிலித் தெருவில் ஜோசப் பிராமாவின் கடைச் சன்னலில் ஒரு பூட்டு 1790 முதல் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்பும் கூடவே. அறுபது ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. இன்னொரு புகழ்பெற்ற பூட்டு சப் நிறுவனத்தினுடையது. 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் பிறந்தது அது. யாராவது கள்ளச்சாவி போட்டு ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு அப்படியே மாட்டிக்கொள்ளும். யாரோ கை வைத்திருக்கிறார் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். இந்த இரண்டும் திறக்கவே முடியாதவை என்று ஊர் நம்பியிருந்தது. உலகக் கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு அவருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் தேவைப்பட்டது. திறந்தேவிட்டார். இலண்டன் வங்கிக்காரர்கள் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

51 மணி நேரம் என்பதில்தான் பாடம் இருக்கிறது. பூட்டு நமக்கு விற்பது நேரம். எந்தப் பூட்டையும் யாரோ ஒருவர் எப்போதாவது திறப்பார். எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சத்தத்தோடு, யார் கண்ணில் பட்டு என்பதுதான் கேள்வி. தோட்டத்து லயத்தில் இந்தக் கேள்விக்கு விடை நேரத்துக்கு நேரம் மாறும். இரவில் அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால்கூட இந்தப் பக்கம் கேட்கிற சுவர். ஒரு ஆணியைப் பிடுங்கினால் பத்து வீடு விழித்துக்கொள்ளும். காலையில் பெரட்டு முடிந்து எல்லாரும் கொழுந்து மலைக்குப் போய், குழந்தைகள் பிள்ளைக் காம்பராவுக்கும் பள்ளிக்கும் போன பிறகு, இஸ்தோப்பில் வெயில் காயும் ஒன்றிரண்டு முதியவர்களைத் தவிர யாரும் இல்லை. அதே பூட்டு இரவில் வாங்கித் தருகிற பாதுகாப்பைப் பகல் பதினொரு மணிக்குத் தருவதில்லை.

ஹாப்ஸ் தோற்கடித்த சப் பூட்டின் வகையை நெம்புதகட்டுப் பூட்டு எனலாம். ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் 1778-ல் அதற்கு அடிப்படை போட்டார். பூட்டுக்குள் பல தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவி ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. துரைமார் பங்களாக்களின் கனத்த கதவுகளுக்குள் பதித்த பழைய பூட்டுகள் பெரும்பாலும் இவ்வகைதான். சாவியே ஒரு சாண் நீளம் இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் இதே நெம்புதகட்டு மரபில் வந்தது. கையால் ராவி ராவிச் செய்வதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பது அதன் பலம். நாம் முதலில் பார்த்த ஊசிப் பூட்டு அமெரிக்கத் தந்தை மகன் இருவரின் வேலை. லைனஸ் யேல் தந்தை 1848-ல் காப்புரிமை பெற்றார். மகன் 1861-லும் 1865-லும் அதைச் சட்டைப்பையில் போடக்கூடிய தட்டைச் சாவியோடு சிறிதாக்கினார். பின்னது, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தோட்டமாகத் தேயிலை பயிரிட்ட 1867-க்கு இரண்டே ஆண்டு முன்பு. இன்று டவுனில் நாம் வாங்கும் பூட்டில் பெரும்பகுதி அந்த மகனின் பூட்டுக்குப் பேரப்பிள்ளைகள்.

கதவில் பதிக்கும் உருண்டைக் கைப்பிடிப் பூட்டு ஒன்றும் இப்போது பரவியிருக்கிறது. வெளிக்கதவுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். அதன் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கதவைச் சாத்தினால் தானே உள்வாங்கி மாட்டிக்கொள்வதற்காக. சாத்தும்போது உள்ளே போகிற நாக்கு, இடுக்கில் நுழைக்கும் மெல்லிய தகட்டுக்கும் உள்ளே போகும். சாவியைத் திருப்பினால் மட்டுமே நேராக வெளியே வரும் சதுர நாக்குக்கு இந்தப் பலவீனம் இல்லை. ஆமைப்பூட்டிலும் இதே பிரிவு உண்டு: அழுத்தினால் தானே மாட்டிக்கொள்பவை, சாவி போட்டுத் திருப்பினால்தான் மாட்டுபவை. இரண்டாவது வகை சிரமம்; ஆனால் உறுதி.

இவ்வளவும் பூட்டைப் பற்றி. நல்ல ஆமைப்பூட்டாகப் பார்த்து வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். லயத்துக் கதவில் அது எதைப் பிடித்துத் தொங்குகிறது? கொண்டியை. கொண்டியைப் பிடித்திருப்பது நான்கு ஆணி. பல கதவுகளில் பூட்டிய பிறகும் அந்த ஆணிகளின் தலை வெளியே தெரியும். திருடனுக்குப் பூட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. திருப்புளி போதும், அல்லது ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினால் போதும். மடக்கினால் ஆணித் தலைகளை மூடிக்கொள்கிற கொண்டியைத் தேடி வாங்க வேண்டும். முடிந்தால் திருகாணிக்குப் பதில் கதவை ஊடுருவி உள்பக்கம் மரை போட்டு இறுக்கும் போல்ட். ஒரு திருகாணி எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பது அதன் புரி எவ்வளவு நீளம் நல்ல மரத்துக்குள் புதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீளத்தை இரட்டித்தால் பிடிப்பும் ஏறத்தாழ இரட்டிக்கும். அரை அங்குல ஆணியில் ஐயாயிரம் ரூபாய்ப் பூட்டைத் தொங்கவிடுவது கணக்குப் பிழை.

நல்ல மரம் என்று சொன்னேன். இங்கேதான் மலைநாடு குறுக்கே வருகிறது. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைக் குடித்தும் விட்டும் கொண்டேயிருக்கும். காற்றில் ஈரப்பதம் 60 வீதமாக இருந்தால் மரத்தில் தங்கும் ஈரம் சுமார் 11 வீதம். காற்று 90 வீதத்துக்குப் போனால் மரத்தில் 20 வீதம். ஒரு வீத ஈரம் கூடினால் மரம் குறுக்குவாட்டில் ஏறத்தாழக் கால் வீதம் ஊதும். கதவின் இரண்டு பக்கச் சட்டங்களும் சேர்ந்து 200 மில்லிமீட்டர் அகலம் என்றால் தென்மேற்குப் பருவ மழையில் அவை மட்டுமே நான்கு மில்லிமீட்டர் பெருகிவிடும். மார்ச் மாதம் அழகாக விழுந்த தாழ்ப்பாள் ஜூலையில் துளைக்கு எதிரே வராமல் நிற்பது இதனால்தான். பொறுமை இழந்தவர்கள் துளையை ராவி அகலமாக்கிவிடுவார்கள். வெயில் வந்ததும் கதவு சுருங்கி, தாழ்ப்பாள் அகலத் துளைக்குள் ஆடும். ஆடுகிற தாழ்ப்பாளை நெம்புவது எளிது. ராவுவதைவிடக் கதவு விளிம்புக்கு வண்ணம் அடிப்பது மேல். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும். வண்ணம் அடிக்கும்போது அந்த இரண்டையும்தான் எல்லாரும் மறப்பார்கள்.

ஆணிக்கும் ஆபத்து உண்டு. தோட்டங்களில் எளிதில் கிடைக்கும் யூக்கலிப்டஸ் பலகையில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. தேயிலையின் துவர்ப்பும் அதன் உறவுதான். இரும்பும் ஈரமும் தனினும் சேர்ந்தால் கருநீலச் சாயம் உண்டாகும். பழைய கால எழுதுமை இப்படித்தான் செய்யப்பட்டது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அந்த வேதிவினை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். துருவிலிருந்து கரையும் இரும்பு, மரத்தின் நாரையும் மெல்ல மெல்லச் சிதைக்கும். சில வருடத்தில் ஆணி தன் துளைக்குள் சும்மா சுற்றும். துத்தநாகம் பூசிய ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ சில ரூபாய்தான் அதிகம்.

ஆமைப்பூட்டிலும் இரும்புக்குத்தான் கேடு. பித்தளை உடலும் எஃகு வளையமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே பனி நீர் படிந்தால் அது ஒரு சின்ன மின்கலம். அந்த மின்கலத்தில் கரைவது எஃகு, பித்தளை பிழைத்துக்கொள்ளும். பூட்டு இறுகிப்போனால் வீட்டில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. நீர்கொழும்பில் அது பலிக்கலாம். தேங்காய் எண்ணெய் 24 பாகையை ஒட்டி உறையும்; கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். போத்தலில் உறைகிற எண்ணெய் பூட்டுக்குள் மட்டும் இளகியா இருக்கும்? உறைந்த கொழுப்பில் சுருள்வில்கள் சிக்கிக்கொண்டு ஊசிகள் பாதி வழியில் நிற்கும், தூசியும் சேர்ந்துகொள்ளும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் பலமுறை நுழைத்தெடுங்கள். கரியின் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். குளிரில் உறையாது, தூசியை இழுக்காது.

கைரேகைப் பூட்டுப் பற்றி இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பேரன் வாங்கி அனுப்பிவிடுவான். பாட்டியின் விரலை அது ஏற்க வேண்டுமே. விரலின் மேடு பள்ளங்களுக்கிடையே உள்ள மின்தேக்க வேறுபாட்டை அளந்துதான் பல கருவிகள் ரேகையைப் படிக்கின்றன. முப்பது வருடம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் மேடு பள்ளம் குறைவு. மழையில் நனைந்திருந்தால் பள்ளத்திலும் நீர் நிறைந்து எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். எண் அழுத்தும் வசதியும் சாதாரணச் சாவியும் சேர்ந்த பூட்டென்றால் யோசிக்கலாம். விரல் மட்டும் என்றால் வேண்டாம்.

இதுவரை வெளியே இருந்து வருபவரைப் பற்றியே பேசினோம். லயத்தில் கதவு உள்ளே இருப்பவரையும் காக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா; முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம். வாசல் ஒன்றே. பல பழைய லயங்களில் கூரை ஒரே நீட்டாக ஓடுவதால் ஒரு முனையில் பிடித்த தீ மறுமுனைக்குப் போகத் தாமதிப்பதில்லை. லயம் எரிந்த செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது. இரவில் கதவின் உள்பக்கமும் ஆமைப்பூட்டுப் போட்டுச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. புகை நிறைந்த இருட்டில் அந்தச் சாவியைத் தேடிப் பார்க்க வேண்டாம்; விளக்கை அணைத்துவிட்டு இப்போதே ஒரு தரம் தேடிப் பாருங்கள், போதும். உள்பக்கம் சாவி வேண்டாத தாழ்ப்பாள்தான் இருக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டால் பலமும் போதும். ஒன்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

மண்சரிவும் இப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கும் அடிக்கடி மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை வந்து நடுராத்திரி வெளியேறும்போது கதவு ஒரு கை அசைவில் திறக்க வேண்டும். வேலைக்குப் போகும் அவசரத்தில் முதியவரையோ குழந்தையையோ உள்ளே வைத்து வெளியே பூட்டிப் போவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

சின்ன எச்சரிக்கை இன்னொன்று. வீட்டில் இருக்கும்போது ஆமைப்பூட்டைத் திறந்தபடி கொண்டியில் தொங்கவிடாதீர்கள். அதே போன்ற தன் பூட்டை யாராவது மாற்றித் தொங்கவிட்டுப் போனால், மறுநாள் நீங்கள் பூட்டுவது அவருடைய பூட்டாக இருக்கும். பூட்டு மனிதரோடு உள்ளே வர வேண்டும்.

லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்களுக்குக் கணக்கு வேறு. 2018-ல் டன்சினன் தோட்டத்தில் 404 குடும்பங்களுக்குக் கையளிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்ட வீடுகளைப் போல, ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்திருக்கிறது. தனிச் சுவர், தனி வாசல், பெருமைதான். ஆனால் சுவருக்கு அப்பால் இருமுகிற காது இப்போது இல்லை. பூட்டு தன் நேரத்தைத் தானே சம்பாதிக்க வேண்டும். முன்கதவுக்குச் சதுர நாக்குள்ள பூட்டு வாங்குங்கள். நாக்கு நுழையும் தகட்டை நிலைக்குள் ஆழமாக இறங்கும் மூன்று அங்குலத் திருகாணியால் இறுக்குங்கள். உதைத்துத் திறக்கும்போது முதலில் பெயர்வது அந்தத் தகடுதான். நல்ல பூட்டை முன்னால் போட்டுவிட்டுப் பின்கதவை ஒற்றைத் தாழ்ப்பாளோடு விடுபவர்கள் அதிகம். திருடன் முன்வாசலில்தான் வந்து நிற்பான் என்பதில்லை.

லயத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆலோசனையில் பாதி பயன்படாது. பூட்டை அவர்கள் வாங்கலாம், கொண்டியை மாற்றலாம். நிலையும் சுவரும் கூரையும் தோட்டத்தினுடையவை. தீயில் தப்பிக்கச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகளும் வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சும், எல்லாருக்கும் தனி வீடு வரும்வரை காத்திருக்காமல், இடம் உள்ள லயங்களில் இரண்டாவது வாசல் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் காணி உறுதி தேவையில்லை, வெளிநாட்டு உதவி தேவையில்லை. ஒரு மேசனுக்கும் ஒரு தச்சருக்கும் சில நாள் சம்பளம் போதும்.